பிரிக்காத நாணய ரோல் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

அமெரிக்க மாநிலக் குவார்ட்டர் (25 சென்ட்) நாணயங்களைச் சேர்க்கும் நண்பர்கள், அடுத்த ரோலுக்கு, அதாவது காகிதத்தில் சுற்றிக் கட்டிய நாற்பது நாணயங்களுக்கு, பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்ற மாதம் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 2004 விஸ்கான்சின் ரோல்கள் மூன்று வாங்கினேன். 'வங்கியில் கட்டியபடியே இருக்கிறது, ஒருமுறைகூடப் பிரிக்கவில்லை' என்று விளம்பரத்தில் இருந்தது. ஒரு ரோலின் முகமதிப்பு பத்து டாலர். நான் கொடுத்தது அதைப் போல ஆறு மடங்கு.

ஏன் விஸ்கான்சின் என்று சேகரிப்பாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 1999 முதல் 2008 வரை ஆண்டுக்கு ஐந்து மாநிலங்கள் என்று ஐம்பது மாநிலங்களுக்கும் குவார்ட்டர் வெளிவந்தது. 2004இன் கடைசி நாணயம் விஸ்கான்சின்: பசுவின் தலை, பாலாடைக்கட்டி வட்டு, ஒரு மக்காச்சோளக் கதிர். டென்வர் நாணயச்சாலையில் அடித்தவற்றில் சிலவற்றில் மட்டும் கதிரின் இடப்பக்கம் ஓர் இலை கூடுதலாக விழுந்துவிட்டது. சிலவற்றில் அது மேல்நோக்கி நிற்கும், சிலவற்றில் கீழே வளைந்திருக்கும். அந்த இலைக்காகத்தான் இத்தனை தேடலும். இதுவரை யார் கண்ணிலும் படாத ரோல் என்றால் உள்ளே ஒன்றாவது இருக்காதா என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. விற்பவருக்கும் அது தெரியும்.

விளம்பரப் படத்தில் ரோலின் இரண்டு முனைகளும் தெரிந்தன. ஒரு முனையில் பூப்பக்கம்: விஸ்கான்சின், 2004. மறுமுனையில் தலைப்பக்கம்: வாஷிங்டனின் பின்னலுக்குப் பக்கத்தில் டென்வரைக் குறிக்கும் 'டி' எழுத்து. இரண்டையும் பார்த்ததும் எனக்குத் திருப்தியாகிவிட்டது. அங்கேதான் கோட்டை விட்டேன். இந்த வரிசை நாணயங்களில் மாநிலமும் வெளியான ஆண்டும் பூப்பக்கத்தில் இருக்கும். நாணயச்சாலைக் குறி தலைப்பக்கத்தில் இருக்கும். ஆகவே முனையில் தெரியும் எந்த நாணயமும் தன்னைப் பற்றிய முழு விவரத்தைக் காட்டாது. பூ தெரிந்தால் எங்கே அடித்தது என்று தெரியாது. தலை தெரிந்தால் எந்த மாநிலம் என்று தெரியாது. நடுவில் இருக்கும் முப்பத்தெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பார்சல் வந்ததும் தராசில் வைத்தேன். ஒரு குவார்ட்டர் 5.67 கிராம், நாற்பதுக்கு 226.8 கிராம். காகிதத்தோடு சேர்த்து எடை சரியாகவே இருந்தது. இதைச் சோதனை என்று நான் நினைத்ததுதான் பெரிய தவறு. 1965 முதல் புழக்கத்துக்கு விட்ட குவார்ட்டர்கள் எல்லாமே அதே உலோகம், அதே எடை, அதே அளவு. மாநில வரிசைக்கு முந்தைய, கழுகு பொறித்த தேய்ந்த குவார்ட்டர்களை அடுக்கிக் கட்டினாலும் தராசு அதே எண்ணைத்தான் காட்டும்.

முதல் ரோலைப் பிரித்தேன். மேலே இருந்த விஸ்கான்சின் பளபளவென்று இருந்தது. அடுத்ததைத் தொட்டதுமே விரலில் பிசுக்கு ஒட்டியது. புளோரிடா. அதற்கு அடுத்தது அயோவா. பிறகு 1980களின் கழுகு ஒன்று, கறுத்துப்போய். நாற்பதில் விஸ்கான்சின் ஒன்பது மட்டுமே, அவற்றிலும் நான்கு ஃபிலடெல்ஃபியாவில் அடித்தவை. மறுமுனையில் 'டி' எழுத்தோடு மின்னிய நாணயத்தைத் திருப்பினேன். டெக்சாஸ். அதை எழுதும்போதுகூடக் கை நடுங்குகிறது.

லென்ஸை எடுத்து உறையைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். முனையில் காகிதம் மடிந்த வட்டத்துக்குச் சற்று உள்ளே இன்னொரு மடிப்புத் தடம் மங்கலாக ஓடியது. ஒருமுறை அவிழ்த்து மறுபடி மடித்து அழுத்தியிருக்கிறார்கள். வெற்று உறைகளும் முனையை மடிக்கும் கருவியும் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியவை. புதிய உறையில் கட்டியிருந்தால் இந்தத் தடம்கூட இருந்திருக்காது.

விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். வந்த பதில்: 'பிரிக்காத ரோலை விற்றோம். நீங்கள் பிரித்துவிட்டீர்கள். இனித் திருப்பி எடுக்க முடியாது.' விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தேன். பொருள் வாங்கிய நிலையில் இல்லை என்று அவர்களும் கைவிரித்துவிட்டார்கள். என் வயிறு எரிவது இதற்குத்தான். உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளப் பிரித்தாக வேண்டும். பிரித்தால் கேள்வி கேட்கும் உரிமை போய்விடும். அந்த விளம்பரத்தில் திருட்டுக்குக் காவலாக நின்றதே 'பிரிக்காதது' என்ற சொல்தான்.

பிரிக்காத இரண்டை அனுப்பினால் அவற்றுக்கு மட்டும் பணம் தருவதாக விற்பனையாளர் சொன்னார். மறுத்துவிட்டேன். அவை இன்னொருவர் கைக்குப் போயிருக்கும். வீடியோவில் பதிவு செய்துகொண்டே பிரித்தேன். இரண்டாவதும் முதலாவதைப் போன்ற கலவைதான். மூன்றாவதில் நாற்பதும் விஸ்கான்சின், நாற்பதும் டென்வர். ஆனால் ஒன்றில்கூடக் கூடுதல் இலை இல்லை. அது நியாயமான ரோலா, சலித்து எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டியதா என்று என்னால் நிரூபிக்க முடியாது. யாராலும் முடியாது.

இனி நான் செய்யப்போவது இது. இலை வேண்டுமென்றால், தரச்சான்று பெற்ற உறையில் இருக்கும் தனி நாணயமாகவே வாங்குவேன். ரோல்தான் வேண்டுமென்றால், அமெரிக்க நாணயச்சாலையே தன் அச்சிட்ட உறையில் சேகரிப்பாளர்களுக்கு விற்ற ரோல்களைத் தேடுவேன். அதிலும், பிரித்துப் பார்த்து வேறாக இருந்தால் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு காசு அனுப்ப மாட்டேன். நாணயத்தைப் பற்றித் தெரிந்த ஒழுங்கான விற்பனையாளருக்கு அந்தக் கேள்வியில் கோபம் வராது. பார்சலைப் பிரிக்கும் முதல் நொடியிலிருந்து வீடியோ எடுப்பேன். முதல் ரோலுக்கு அதைச் செய்யாமல் விட்டதுதான் என் புகாரைப் பலவீனமாக்கியது.

விளம்பரப் படத்தை நேற்று மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். தலைப்பக்கம் தெரியும் முனையில் வாஷிங்டனின் கன்னத்தில் காதை நோக்கிச் சாய்வாக ஒரு கீறல் இருக்கிறது. எனக்கு வந்த மூன்று ரோல்களில் எதிலும் அந்தக் கீறல் இல்லை. இன்று காலை அதே விற்பனையாளர் புதிதாகப் பத்து ரோல்களை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். படத்தில் அதே கன்னம், அதே கீறல்.