முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரி

காவிரியின் கடைமடை தன் கரையைக் கடலிடமிருந்து எப்படிக் காத்துக்கொள்கிறது என்று அறிய விரும்புவோருக்கு, முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்புவானோடையிலிருந்து கடற்கழி வரை செல்லும் இந்தப் படகுச் சவாரியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கடல்நீர் வடியும் நேரத்தில் சென்றால், அலையாத்தி மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டி நிற்கும், காற்றை உள்வாங்கும் மூச்சுவேர்களையும், அவற்றிடையே படிந்த வண்டலையும் அருகிலேயே பார்க்கலாம். அலையின் வேகத்தைத் தணிப்பதிலும் மண்ணைப் பிடித்துவைப்பதிலும் இவ்வேர்களின் பங்கு பெரிது.

சிதைந்த இடங்களில் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, கடல் ஏறும்போது வரும் ஓதநீரை உள்ளே விட்டு, உப்பேறிய தரையில் மீண்டும் கன்றுகள் பிடிக்கச் செய்த முறையை எங்கள் படகோட்டி ஒரு கால்வாயின் முகப்பில் படகை நிறுத்தியே விளக்கினார். கொடுத்த கட்டணம் அதற்கே தகும். 2018 நவம்பரில் கஜா புயல் இக்காட்டையே முறித்துப் போட்டதையும், ஆற்றில் நன்னீர் வரத்துக் குறைந்தால் உவர்ப்பு மிகுந்து மரங்கள் நலிவதையும் அவர் மறைக்கவில்லை. (கடற்கரையைக் காக்கக் கற்சுவர் ஒன்றே போதும் என்போர் அவரிடம் சற்றுப் பேசிப் பார்க்கலாம்.)

குறையும் உண்டு: சிறுவர் அளவில் உயிர்காப்புச் சட்டை இல்லை, விளக்கப் பலகை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வெயிலுக்கு முன் புறப்படும் முதல் படகையே கேட்டு வாங்குங்கள். குடிநீரைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.