லிப்போ சார்ஜருக்கு எது: பழைய கணினி பவர் சப்ளையா, எல்இடி எஸ்எம்பிஎஸ்ஸா?

லிப்போ (லித்தியம்-பாலிமர் பேட்டரி) சார்ஜருக்கு 12 வோல்ட் கொடுக்க ஒரு பவர் சப்ளை வேண்டும். எல்இடி எஸ்எம்பிஎஸ் என்பது எல்இடி விளக்குப் பட்டைகளுக்கான பவர் சப்ளை பெட்டி. 6 செல் லிப்போ முழுதாக ஏறும்போது 25.2 வோல்ட்; அதை 5 ஆம்பியரில் ஏற்றினால் உச்சத்தில் 25.2 × 5 = 126 வாட். சார்ஜரின் இழப்பையும் சேர்த்தால், 12 வோல்ட்டில் 12 ஆம்பியராவது வேண்டும்.

செலவு: பழைய கணினியுடையது பரணிலேயே கிடக்கும். 30 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்ஸைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

இணைப்பு: முன்னதில் பச்சைக் கம்பியைக் கறுப்போடு சேர்த்தால்தான் உயிர் வரும், 12 வோல்ட் மஞ்சள் கம்பிகளில். பின்னதில் வெறும் திருகுகள். ஆனால் அதே வரிசையில் 230 வோல்ட்டும் இருக்கிறது. மூடியில்லாமல் மேசையில் வைக்காதீர்கள்.

வோல்ட்டேஜ்: இங்கேதான் வித்தியாசம். பழைய பெட்டிகள் சில, 5 வோல்ட் பக்கம் சுமை இல்லாவிட்டால் 12ஐச் சரியவிடும். என் சார்ஜர் பாதியில் கீச்சிட்டு நின்றது அப்படித்தான். எஸ்எம்பிஎஸ்ஸில் பெரும்பாலும் சிறு திருகைத் திருப்பி 13 வரை ஏற்றலாம்.

3 செல்வரை பழையதே போதும். 6 செல் என்றால் எஸ்எம்பிஎஸ்தான்.