பிளெண்டரில் பைதான் ஸ்கிரிப்ட்: இத்தனை வருடத்தில் எது நிலைத்தது, எது உடைந்தது

பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளை அதன் 2.79 பதிப்புக் காலத்திலிருந்து வேலைக்குப் பயன்படுத்துகிறேன். குழந்தைகளுக்கான பாட்டு, கதை வீடியோக்கள் செய்கிற சின்னக் குழு எங்களுடையது. புரோகிராமர் என்று தனியாக யாரும் கிடையாது. அதனால் திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய வேலைகளுக்கு நானே பைதான் என்ற நிரல்மொழியில் ஸ்கிரிப்ட், அதாவது சின்னச் சின்ன நிரல்கள், எழுத ஆரம்பித்தேன். அவற்றில் சில இன்றும் தினமும் ஓடுகின்றன. சிலவற்றை ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் திறந்து சரிசெய்ய வேண்டியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு நிறைய நேரம் மிச்சமாகியிருக்கும்.

கற்றுக்கொள்வதற்கு பிளெண்டர் மிகவும் தாராளமான மென்பொருள். நாம் பார்க்கும் பேனல்களும் மெனுக்களும் பெரும்பாலும் பைதானில் எழுதப்பட்டவை. பிரிஃபரன்ஸில் பைதான் டூல்டிப்ஸ், டெவலப்பர் எக்ஸ்ட்ராஸ் இரண்டையும் இயக்கிவிட்டால், எந்தப் பட்டன் மேல் மவுஸை வைத்தாலும் அதன் பைதான் பெயர் தெரியும். இன்ஃபோ எடிட்டரைத் திறந்துவைத்து வேலை செய்தால், நாம் செய்யும் பல செயல்களின் கட்டளைகள் வரிவரியாக அங்கே வந்து விழும். அவற்றை நகலெடுத்து ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடவைக்கும் ஒரு லூப்புக்குள் போட்டால் முதல் ஸ்கிரிப்ட் தயார். நானும் அப்படித்தான் தொடங்கினேன், பெரும்பாலானவர்களும் அப்படித்தான் தொடங்குவார்கள்.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. இன்ஃபோ எடிட்டர் காட்டுபவை பெரும்பாலும் ஆபரேட்டர்கள், அதாவது நாம் பட்டனை அழுத்தும்போது நடப்பவை. எந்த விண்டோ திறந்திருக்கிறது, எந்த மோடில் இருக்கிறோம், எது தேர்வாகியிருக்கிறது என்பதையெல்லாம் நம்பித்தான் அவை ஓடும். ஏதாவது ஒன்று மாறினாலும் 'கான்டெக்ஸ்ட் இஸ் இன்கரெக்ட்' என்று பிழை வந்து நின்றுவிடும். லூப்புக்குள் போட்டால் வேகமும் குறையும், ஏனென்றால் பல ஆபரேட்டர்கள் ஒவ்வொரு முறையும் காட்சி முழுவதையும் புதுப்பிக்க வைக்கின்றன. இதற்குப் பதிலாக, ஃபைலுக்குள் இருக்கும் தரவையே நேரடியாகத் தொடலாம். ஆப்ஜெக்ட், ஆக்‌ஷன் (அசைவுகளின் தொகுப்பு), எஃப்-கர்வ் (ஒரு அசைவின் வளைகோடு), கீஃப்ரேம் (அந்த வளைகோட்டில் நாம் குறித்துவைக்கும் புள்ளி) எல்லாமே 'டேட்டா' என்ற கிளைக்குள் இருக்கின்றன. திரையில் என்ன திறந்திருக்கிறது என்பது இங்கே பொருட்டே இல்லை. இன்றும் ஓடுகிற என் ஸ்கிரிப்டுகளில் அநேகமாக எல்லாமே இந்த வகைதான்.

அதிகம் பயன்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். அனிமேஷன் பாதி முடிந்த பிறகு பாட்டின் ஒலிப்பதிவை மாற்றுவார்கள். நடுவில் ஒரு வரி நீளும். அந்த இடத்துக்குப் பிறகு உள்ள கீஃப்ரேம்களை எல்லாம் உதாரணமாக 18 ஃப்ரேம் தள்ளவேண்டும். கீஃப்ரேம்களை வரிசையாகக் காட்டும் டோப் ஷீட்டில் கையால் தேர்ந்தெடுத்துத் தள்ளலாம்தான். ஆனால் பாத்திரத்தை அசைப்பதற்காக உள்ளே மறைத்துவைத்த எலும்புகள், வேறு கலெக்‌ஷனில் கிடக்கும் பொருட்கள், கேமராவின் லென்ஸ் என்று ஏதாவது விட்டுப்போகும். வாயசைவுக்கான வடிவ மாற்றங்களான ஷேப் கீகளின் அனிமேஷன் ஆப்ஜெக்டில் இருப்பதில்லை, ஷேப் கீ தரவோடு தனியாக ஒட்டியிருக்கும். அது விட்டுப்போனால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஸ்கிரிப்ட் ஃபைலில் உள்ள எல்லா ஆக்‌ஷன்களையும் தேடிப்போய்த் தள்ளிவிடும், கூடவே டைம்லைன் மார்க்கர்களையும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கீஃப்ரேமின் இடத்தை மட்டும் மாற்றினால் அதன் இரு பக்கக் கைப்பிடிகளும் பழைய இடத்திலேயே நின்று வளைவைக் கெடுத்துவிடும். அவற்றையும் சேர்த்து நகர்த்த வேண்டும், அல்லது கைப்பிடிகளையும் இழுத்துக்கொண்டு போகிற 'கோ_யுஐ' என்ற பண்பைப் பயன்படுத்த வேண்டும்.

நேரத்தை அதிகம் மிச்சப்படுத்தியது பின்னணி ஓட்டம். டெர்மினலில் '-b' கொடுத்தால் பிளெண்டர் திரையில்லாமல் ஓடும், பெரிய எழுத்தில் '-P' கொடுத்து ஸ்கிரிப்டையும் சேர்த்துவிடலாம். மாலையில் எல்லா ஷாட் ஃபைல்களையும் வரிசையாகத் திறந்து, ஃப்ரேம் எல்லை சரியா, டெக்ஸ்சர் ஏதாவது காணாமல் போயிருக்கிறதா, முழு எண்ணல்லாத ஃப்ரேமில் கீ விழுந்திருக்கிறதா என்று பார்த்து, சரியாக இருப்பதை மட்டும் ரெண்டருக்கு, அதாவது இறுதிப் படங்களாக்க, அனுப்புகிறது என் ஸ்கிரிப்ட். கட்டளைகளின் வரிசை இங்கே முக்கியம். பிளெண்டர் அவற்றை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக நிறைவேற்றும். ரெண்டர் கட்டளையை முதலில் எழுதி, எங்கே சேமிப்பது என்பதைப் பிறகு எழுதினால், சேமிக்கும் இடம் தெரிவதற்கு முன்பே ரெண்டர் ஓடி முடிந்துவிடும். ஸ்கிரிப்ட் பாதியில் பிழையாகி நின்றாலும் பிளெண்டர் இயல்பாக வெற்றி என்றே சொல்லி மூடிக்கொள்ளும் என்பதால், பிழை நேர்ந்ததைத் தெரிவிக்கும் பைதான் எக்ஸிட் கோட் அமைப்பையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பதிப்பு மாற்றங்களுக்கு வருவோம். 2019-இல் வந்த 2.80 பெரிய திருப்பம். லேயர்கள் போய் கலெக்‌ஷன்கள் வந்தன, மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி போய் '@' வந்தது. 4.0-இல் எலும்பு லேயர்களுக்குப் பதில் போன் கலெக்‌ஷன்கள், அதனால் பாத்திரத்தின் எலும்புக் கட்டமைப்பான ரிக்கைத் தொடும் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருந்தது. அதே 4.0-இல் ஆபரேட்டருக்கு கான்டெக்ஸ்டை டிக்‌ஷனரியாகக் கொடுக்கும் பழைய வழியும் நீக்கப்பட்டது. 2025-இல் வந்த 4.4-இல் ஆக்‌ஷனுக்குள் ஸ்லாட்கள் வந்தன, ஒரே ஆக்‌ஷன் பல பொருட்களை அசைக்கலாம் என்று ஆனது. ஆக்‌ஷனிலிருந்து நேராக எஃப்-கர்வ்களை எடுக்கும் பழைய வழி சிறிது காலம் கூடவே இருந்தது, 5.0-இல் அதுவும் போய்விட்டது. மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருக்கிறது, முன்கூட்டியே அறிவிக்கவும் செய்கிறார்கள். உடலுக்கு ஒன்று, ஷேப் கீக்கு ஒன்று என்று தனித்தனி ஆக்‌ஷன்களோடு அல்லாடியவர்களுக்கு ஸ்லாட்டின் அருமை புரியும். ஆனாலும் நடந்துகொண்டிருக்கும் வேலையின் நடுவில் பதிப்பை மாற்றாதீர்கள். இரண்டு வருடம் திருத்தங்கள் கிடைக்கும் எல்டிஎஸ் பதிப்பில் தொடங்கி அதிலேயே முடிப்பதுதான் நிம்மதி.

ஒன்றின் மதிப்பை வைத்து இன்னொன்றை அசைக்கும் டிரைவர்களில் பைதான் எழுதும்போது எளிய கணக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கூட்டல், பெருக்கல், சைன் போன்றவை மட்டும் இருந்தால் பிளெண்டர் பைதானைக் கூப்பிடாமல் தானே வேகமாகக் கணக்கிட்டுக்கொள்ளும். சொந்த ஃபங்ஷனை நுழைத்தால் ரிக் மெதுவாகும். ஃபைலை வேறொருவர் திறக்கும்போது, ஸ்கிரிப்ட் தானாக ஓடுவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருப்பதால், கண்ணோ கையோ அசையாமல் நிற்கும். அந்தத் தடையைப் பொதுவாக எடுத்துவிடச் சொல்லும் ஆலோசனையை ஏற்காதீர்கள். இணையத்தில் இறக்கிய ஃபைலுக்குள் யார் எதை வைத்திருக்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்?

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஆப்ஜெக்ட், ஆக்‌ஷன் பெயர்களை பிளெண்டர் தமிழில் ஏற்றுக்கொள்கிறது, ஸ்கிரிப்டும் அவற்றை ஒழுங்காகத் தேடி எடுக்கிறது. ஆனால் 5.0-க்கு முன் பெயருக்கு இருந்த இடம் 63 பைட். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்து ஒரு குறியீட்டுக்கு 3 பைட் எடுக்கும், 'கி' என்பதற்கே 6 பைட். நீளமான பெயர்கள் நடுவில் வெட்டுப்படும், இரண்டு ஷாட்டுகளின் பெயர் ஒன்றுபோல் ஆகிவிடும். 5.0-இல் இது 255 பைட்டாக உயர்ந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பழைய பதிப்பில் இருப்பவர்கள் சுருக்கமாகப் பெயர் வையுங்கள்.

அசைவையே ஸ்கிரிப்டால் உண்டாக்கும் ஆட்-ஆன்களில் மட்டும் எனக்கு மனம் ஒட்டவில்லை. கண் இமைப்பதைத் தற்செயலான இடைவெளிகளில் போட்டுத்தருவது எளிது. ஆனால் பாத்திரம் இமைப்பது எண்ணம் மாறும் இடத்தில், தலை திரும்பும் நேரத்தில், பொய் சொல்லப்போகும் நொடிக்குச் சற்று முன்னால். அதைப் பார்த்துப் பார்த்துக் கையால் வைப்பதற்காகத்தான் மற்ற வேலைகளை ஸ்கிரிப்டிடம் விடுகிறேன். கூட்டத்தில் தூரத்தில் நிற்பவர்களுக்கு வேண்டுமானால் ஸ்கிரிப்ட் போதும்.

இப்போது எல்லா ஸ்கிரிப்டுகளையும் 5.0-க்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். எஃப்-கர்வ்களை எடுத்துத்தரும் வேலையை ஒரே ஃபங்ஷனுக்குள் ஒதுக்கி, மற்ற ஸ்கிரிப்டுகள் அதை மட்டும் கூப்பிடும்படி செய்திருக்கிறேன். அடுத்த முறை ஆக்‌ஷனின் அமைப்பு மாறினால் திருத்தவேண்டியது அந்த ஒரு இடம்தான்.