தடித்த ஸ்வே பாருடன் 3 ஆண்டுகள், 52,000 கி.மீ.

லேடர் சேஸி எனும் ஏணி வடிவ அடிச்சட்டம், முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் திட ஆக்சில், நான்கு மூலைகளிலும் காயில் (சுருள்) ஸ்பிரிங் என்ற பழைய கட்டமைப்பைக் கொண்ட ஆஃப் ரோடு வண்டி என்னுடையது. வண்டியை 50 மி.மீ. உயர்த்தும் லிஃப்ட் கிட்டும் கூரையில் சுமை வைக்கும் ரூஃப் ரேக்கும் பொருத்திய பிறகு கரடுமுரடான பாதைகளில் அதன் மீது எனக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. ஆனால் தார்ச்சாலையில் வளைவுக்குள் நுழைந்தால் ஸ்டியரிங் முதலில் திரும்பும், சற்றுப் பொறுத்து உடல் சாயும், அந்தச் சாய்வு நின்ற பிறகுதான் வண்டி தன் வழியைப் பிடிக்கும். இடையில் எதிரே ஏதாவது குறுக்கிட்டு ஸ்டியரிங்கை மறுபக்கம் திருப்ப நேர்ந்தால், ரேக்கில் இருக்கும் சுமை மொத்தமும் தலைக்கு மேல் ஊசலாடுவதை இருக்கையிலேயே உணர முடியும். அதனால்தான் இந்தச் சாய்வைக் கட்டுப்படுத்தும் ஸ்வே பாரை மாற்றத் தீர்மானித்தேன்.

ஸ்வே பார் என்பது இடது, வலது சக்கரங்களின் பக்கங்களை இணைக்கும் கம்பி; முறுக்கத்தால் வேலை செய்யும் ஒரு ஸ்பிரிங் மட்டுமே. இரு சக்கரங்களும் சேர்ந்து ஏறி இறங்கும்போது அது தன்னைச் சேஸியோடு பிடித்திருக்கும் புஷ்கள் எனும் ரப்பர் போன்ற வளையங்களுக்குள் சும்மா சுழலும். ஒன்று ஏறி மற்றது இறங்கும்போதுதான் முறுக்கேறி எதிர்க்கும். திடக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கேற்பக் கூடுவதால், முன்புறத்தில் 25 மி.மீ. கம்பிக்குப் பதிலாக அதே வடிவமுள்ள 28 மி.மீ. கம்பியைப் போட்டதிலேயே விறைப்பு ஏறத்தாழ 57 சதவீதம் உயர்ந்துவிட்டது. கையில் வைத்துப் பார்த்தால் 3 மி.மீ. வேறுபாடு கண்ணுக்குக்கூடப் பெரிதாகத் தெரியாது.

முதல் நான்கு மாதங்கள் முன்புறத்தை மட்டும் மாற்றி ஓட்டியது என் தவறு. சாய்வு குறைந்தது உண்மைதான், ஆனால் ஈரச் சாலையில் சற்று வேகமாகத் திரும்பினால் முன் டயர்கள் பிடியை விட்டு வண்டி வளைவின் வெளிப்புறத்தை நோக்கி நகரத் தொடங்கியது. வளைவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் மொத்த எடையைத் தீர்மானிப்பவை வண்டியின் ஈர்ப்பு மைய உயரமும் சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் திரும்பும் வேகமுமே. ஸ்வே பார் அந்த எடையைக் குறைப்பதில்லை. முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் அதில் எவ்வளவு பங்கை ஏற்பது என்பதை மட்டுமே மாற்றுகிறது. முன்பக்கம் மட்டும் விறைத்தால் முன்வெளி டயர் மிகுந்த சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். பின்புறத்தில் 19 மி.மீ. கம்பியை எடுத்துவிட்டு 22 மி.மீ. கம்பியைப் பொருத்திய பிறகுதான் வண்டி சமநிலைக்கு வந்தது. பின்புறத்தை இதற்கு மேலும் விறைப்பாக்க எனக்குத் துணிவில்லை; அப்போது பிடி இழப்பது பின் டயர்களாக இருக்கும், உயரமான வண்டியில் அதை விரும்புபவர் எவரும் இருக்க மாட்டார்.

பலரும் விட்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என் அனுபவத்தில், கம்பியின் முனைகளை ஆக்சிலோடு இணைக்கும் லிங்குகளின் நீளம் அதற்குக் குறைந்ததல்ல. லிஃப்ட் கிட் போட்டதும் சேஸி உயர்ந்து, கம்பியின் இரு முனைகளிலும் வளைந்து நீளும் கைகள் ஆக்சிலை நோக்கிக் கீழே சரிந்து நின்றன. அந்த நிலையில் சக்கரம் முழுவதும் கீழிறங்கினால் கையும் லிங்கும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டுக்கு வந்து, கம்பி தலைகீழாகப் புரண்டு சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. 50 மி.மீ. கூடுதல் நீளமுள்ள லிங்குகளைப் பொருத்தியதும் கைகள் மீண்டும் தரைக்கு இணையாக நின்றன. லிங்குகளை இறுதியாக இறுக்கும்போது வண்டி சமதளத்தில் தன் சக்கரங்களின் மீதே நிற்க வேண்டும்; ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து நீளத்தைச் சரிசெய்தால் கம்பிக்குள் முறுக்கு தங்கி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய ரப்பர் புஷ்களைக் கழற்றியபோது அவை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன. கம்பியையும் புஷ்ஷையும் ஒரே நாளில் மாற்றியதால், கிடைத்த முன்னேற்றத்தில் எவ்வளவு தடிமனால் வந்தது, எவ்வளவு புதிய புஷ்ஷால் வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. மீண்டும் தொடங்குவதாக இருந்தால் முதலில் புஷ்ஷையும் லிங்கையும் மட்டும் மாற்றி, சில வாரங்கள் ஓட்டிப் பார்த்த பிறகே கம்பியைப் பற்றி யோசிப்பேன்.

தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் கணக்கு மாறுகிறது. ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் மறுபக்கச் சக்கரத்தைக் கீழிறங்க விடாமல் கம்பி தடுக்கிறது. அந்தச் சக்கரம் காற்றில் தொங்கிச் சுழல்கிறது. சக்கரத் தடங்கள் ஆழமாகப் பதிந்த பாதையில் உடல் இடமும் வலமுமாக வெட்டி ஆடுவதும் முன்பைவிடக் கூடுதல். எனவே முன்புறத்தில் ஊசியை உருவிக் கழற்றும் வகை லிங்குகளைப் போட்டேன். ஜீப் ராங்ளரின் ரூபிகான் வகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிகிற இந்த வேலையை நான் மண்ணில் முழங்காலிட்டுச் செய்கிறேன். கழற்றியதும் முன் ஆக்சிலின் அசைவு வெகுவாகக் கூடுகிறது. பின்புறக் கம்பி இணைப்பிலேயே இருப்பதால் வண்டி முழுவதும் தள்ளாடுவதில்லை. கழற்றிய லிங்கை டயரிலும் பிரேக் ஹோஸிலும் படாதபடி மேலே கட்டி வைக்க வேண்டும். ஆக்சில் முழுவதும் கீழிறங்கும்போது ஹோஸின் நீளம் போதுமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். மறுபடி மாட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். தரை சற்றுச் சரிந்திருந்தாலும் துளைகள் பொருந்தாது. ஒருவர் வண்டியின் மூலையை அழுத்த, மற்றவர் ஊசியைச் செருக வேண்டியிருக்கும். ஒருமுறை மாட்ட முடியாமல் அப்படியே தார்ச்சாலைக்கு வந்தேன். வேகம் 30 கி.மீ.யைத் தாண்டவில்லை, இருந்தும் ஒரு சாதாரணத் திருப்பத்தில் வண்டி சாய்ந்த விதம் இன்னும் மறக்கவில்லை.

பராமரிப்பில் முதலில் தொல்லை கொடுத்தவை, ரப்பருக்குப் பதில் புதிதாகப் போட்ட பாலியூரித்தேன் புஷ்கள். எட்டாம் மாதத்தில், சேற்றுப் பயணம் ஒன்றுக்குப் பிறகு, வேகத்தடைதோறும் கிரீச்சிட்டன. கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவியதும் ஒலி நின்றது. இப்போது ஒவ்வொரு 15,000 கி.மீ.க்கும் அதைச் செய்கிறேன். பிராக்கெட் போல்ட்டுகளை முதல் 500 கி.மீ.யில் மீண்டும் இறுக்க வேண்டியிருந்தது. இறுக்கிய பின் போல்ட்டின் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு இழுத்து வைத்தால், தளர்ந்திருப்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். அப்படிப் பார்த்த ஒரு நாளில்தான், 38,000 கி.மீ.யில், முன் பிராக்கெட் சேஸியோடு சேரும் இடத்தில் மயிரிழை போன்ற விரிசல் கண்ணில் பட்டது. கம்பியைத் தடிமனாக்கினால் அது கொடுக்கும் விசையையும் யாரோ தாங்கியாக வேண்டும் என்பதை நான் எண்ணியிருக்கவில்லை. அங்கே ஒரு வலுத்தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகு விரிசல் திரும்பவில்லை.

கடந்த வாரம் முதல் சிறு பள்ளங்களில் பின்னாலிருந்து ‘டொக்’ என்றொரு ஒலி கேட்கிறது. வலப்புற லிங்கின் பந்து மூட்டை மூடும் ரப்பர் உறை கிழிந்து மண் புகுந்திருக்கிறது. இம்முறை இரு பக்க லிங்குகளையும் சேர்த்தே மாற்றவிருக்கிறேன்.