எடை நின்றுவிட்டதா? பேரியாட்ரிக் சிகிச்சைக்குப் பின் எந்த வழி யாருக்கு

சென்னையில் உணவு ஆலோசகராக இருக்கும் என்னிடம், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வந்து உட்கார்ந்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "மேடம், எடை நின்றுவிட்டது." நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "எத்தனையாவது மாதம்?" அது தெரியாமல் எந்த வழி சிறந்தது என்று பேசுவதில் பயனில்லை.

மூன்றாவது வாரத்தையொட்டி நின்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் உடல் தன் கிளைகோஜன் இருப்பை, அதாவது கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்த சர்க்கரையை, செலவழிக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் வெளியேறுவதால் எடை மளமளவென்று இறங்கும். பிறகு உடல் அந்த நீரில் கொஞ்சத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும்போது எடைக் கருவியின் முள் நிற்கிறது, உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கிறது. மருத்துவர் சொன்ன உணவு முறையை அப்படியே தொடர்ந்துகொண்டு காத்திருங்கள்.

ஆறாவது மாதத்துக்கு மேல் நிற்பது வேறு கதை. உடல் இளைக்க இளைக்க அது ஓய்வில் செலவழிக்கும் ஆற்றலும் குறைகிறது. முன்பு எடையை இறக்கிய அதே சாப்பாடு இப்போது எடையைப் பிடித்து நிறுத்தும் அளவாகிவிடுகிறது. ஒன்றரை ஆண்டு கடந்தவர்களோ பெரும்பாலும் தங்கள் அடிமட்ட எடையை எட்டியவர்கள். சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை) செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாக 32 சதவீத எடையை இழந்திருந்தார்கள். பத்தாவது ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாக இருந்தது. கொஞ்சம் ஏறுவது உடலின் இயல்பு. அதைத் தன் தோல்வியாக எண்ணி அழுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இந்தக் கட்டத்தில் பலரும் முதலில் கையிலெடுப்பது, ஐந்தாறு நாட்கள் மீண்டும் திரவ உணவுக்குப் போவது. இரைப்பை பழையபடி சுருங்கிவிடும் என்ற நம்பிக்கை. கஞ்சித் தண்ணீரும் இளநீரும் குடித்து இரைப்பை சுருங்காது. இறங்கும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி நீர். புரதம் இல்லாவிட்டால் தசையும் சேர்ந்து போகும். சோறு சாப்பிட்ட இரண்டாம் நாளே முள் திரும்பிவிடும். இதை நான் பரிந்துரைப்பதில்லை.

இதற்கு எதிரே நான் வைப்பது, தட்டில் புரதத்தை முதலில் சாப்பிடும் முறை. பெரம்பூரிலிருந்து வரும் ஓர் அம்மாவின் உணவுக் குறிப்பைப் பாருங்கள். காலையில் இரண்டு இட்லி, சாம்பார். மதியம் நான்கு கவளம் ரசம் சாதம், கீரை. நாலு மணிக்கு இரண்டு முறுக்கு, சர்க்கரை போட்ட காபி. இரவு ஒரு தோசை. "இவ்வளவுதானே சாப்பிடுகிறேன்" என்றார், உண்மைதான். ஆனால் நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டிய இடத்தில் அவருக்கு 25 கிராம்கூடத் தேறவில்லை. இட்லி ஒன்றில் 2 கிராம்தான் இருக்கும். முறுக்கு வாயிலேயே கரைந்து, ஸ்லீவ் செய்த (பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குழாய்போல் ஆக்கிய) இரைப்பையில் தங்காமல் வழுக்கி இறங்கிவிடும். அதனால் வயிறு நிறைந்த உணர்வே வராது, கலோரி மட்டும் சேரும்.

மாற்றியது இவ்வளவே: காலையில் இரண்டு முட்டை, பிறகு இடமிருந்தால் ஓர் இட்லி. மதியம் முதலில் உள்ளங்கை அளவு வஞ்சிரம் (ஏறத்தாழ 20 கிராம் புரதம்), அதன்பின் சோறு. நாலு மணிக்கு முறுக்குக்குப் பதில் ஒரு சிறு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவில் பனீர் அல்லது கோழி. சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே அரை மணி நேரம். மயிலாப்பூர்ப் பக்கத்துச் சைவக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு கடினம். பருப்பையும் தயிரையும் மட்டும் வைத்து 60 கிராமை எட்ட அந்தச் சின்ன இரைப்பையில் இடம் போதாது. பாலிலிருந்து எடுக்கும் வே (whey) புரதப் பொடியைத் தயங்காமல் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்.

அடுத்து, நடையா பளுவா? பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலையில் ஒரு மணி நேரம் நடப்பவர்கள் என்னிடம் நிறையப் பேர். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, விடவேண்டாம். ஆனால் நின்றுபோன எடைக்கு இன்னும் அரை மணி நேரம் கூட்டி நடப்பதைவிட, வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். தசை கூடும்போது முள் நகராமல் இடுப்பளவு குறையும், ஆகவே அளவு நாடாவையும் பக்கத்தில் வைத்திருங்கள்.

இவற்றுக்குப் பிறகும் அசையாவிட்டால், பசியைக் குறைக்கும் மருந்து ஊசியா மறு அறுவை சிகிச்சையா என்ற கேள்வி வரும். டிர்செபடைடு ஊசி 2025 மார்ச்சிலும், எடைக் குறைப்புக்கான செமாக்ளுடைடு ஊசி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. அறுவைக்குப் பின் போதிய எடை இறங்காத 70 பேரிடம், இதே வகையின் பழைய மருந்தான லிராக்ளுடைடை வைத்து லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. 24 வாரங்களில் ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 9 சதவீதம் எடை குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு அரை சதவீதம்தான். பலன் இருக்கிறது. ஆனால் நிறுத்தினால் பசி திரும்பும், மாதச் செலவு தொடரும், ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடுகிறவர் இன்னும் குறைவாகச் சாப்பிட்டுப் புரதத்தைக் கோட்டைவிடுவார்.

மறு அறுவையில், தைத்த இடத்தில் கசிவு உள்ளிட்ட ஆபத்துகள் முதல் அறுவையைவிட அதிகம். ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு நல்ல தீர்வு; எடைக்காக மட்டும் என்றால் கிடைக்கும் கூடுதல் இறக்கம் பலருக்கு ஏமாற்றமாகவே இருக்கிறது. என்னைக் கேட்டால் ஊசியை முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். எதுவானாலும் முடிவெடுப்பதற்கு முன் தைராய்டு, பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி பரிசோதனைகளை முடித்துவிட்டு, ஸ்டீராய்டு, இன்சுலின் உட்பட நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியலோடு உங்கள் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள்.