முதலில் கேபிடலா, முதலில் பாய்ச்சலா?

ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 என்ற கணினி விளையாட்டில் ரசிகர்கள் உருவாக்கிய கடினமான மேப் என்றால், முதல் வாரமே குழப்பம்தான்: ஊரில் அதிகத் தங்கம் தரும் கட்டடமான கேபிடலைக் கட்டுவதா, இருக்கும் படையோடு எதிரி மேல் பாய்வதா?

தங்கம்: கேபிடல் நாளுக்கு 4000 தரும். அதன் கீழ்நிலைக் கட்டடமான டவுன் ஹாலோடு பாய்பவருக்கு 1000தான். மீதிக்குச் சுரங்கமும் புதையல் பெட்டியும்.

படை: கேபிடலுக்குக் கேசில் என்ற கோட்டை வேண்டும், அது வாராந்திர உயிரின வரவை இரட்டிப்பாக்கும். பாய்பவர் துணை ஹீரோக்களின் (படைத்தலைவர்களின்) படையையெல்லாம் முதன்மை ஹீரோவிடம் குவிப்பார்.

ஆபத்து: கட்டிக்கொண்டே இருந்தால் எதிரி ஹீரோ வளர்ந்துவிடுவான். பாய்ந்தால் ஊர் காலி. எர்த் மேஜிக் என்ற மந்திரத் திறனில் அட்வான்ஸ்ட் நிலைத் தேர்ச்சியும், ஊருக்குத் தாவும் டவுன் போர்ட்டல் மந்திரமும் இருந்தால் விரும்பிய ஊருக்குத் திரும்பலாம். இல்லாமல் நான் துணிய மாட்டேன்.

எதிரியின் வழியைப் பெரிய காவல் படை அடைத்திருந்தால் கேபிடல். வழி திறந்திருந்தாலோ, நாள் கெடு இருந்தாலோ பாய்ச்சல்தான்.