லக்கியின் உடம்பைக் குறைத்த எடை மெஷின்

கிருஷ்ணகிரியில் ஒரு பாத்திரக் கடையில் 350 ரூபாய் சொச்சத்துக்கு வாங்கிய சின்ன எடை மெஷின் பற்றித்தான் எழுதுகிறேன். கேக் செய்கிறவர்கள் மாவு அளக்க வைத்திருப்பார்களே, அதேதான். 5 கிலோ வரை தாங்கும், 1 கிராம் வரை காட்டும். எங்கள் வீட்டில் அதில் ஏறுவது லக்கியின் சாப்பாடு மட்டும்தான்.

லக்கி ஏழு வயது லாப்ரடார், கருத்தடை செய்த பெண் நாய். அண்ணன் பெங்களூரில் ஃப்ளாட்டுக்கு மாறியபோது எங்களிடம் வந்தாள், வரும்போதே 41 கிலோ. நாலு படி ஏறினால் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவாள், எழுந்திருக்கும்போது பின்னங்கால் இழுக்கும். டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார், தைராய்டு குறைந்தாலும் நாய்க்கு உடம்பு போடும் என்பதால். அதில் ஒன்றும் இல்லை. அப்புறம் விலாவைத் தடவிப் பார்க்கச் சொன்னார். உங்கள் கையை விரித்து வைத்து, புறங்கையை மறு கை விரலால் லேசாகத் தடவுங்கள், எலும்பு தட்டுப்படும் இல்லையா, நல்ல எடையில் இருக்கும் நாய்க்கு விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். லக்கிக்கு அழுத்தித் தேடினாலும் கிடைக்கவில்லை. 30 கிலோவுக்குக் கொண்டு வரணும், ஆனா வாரத்துக்கு உடம்பு எடையில ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் குறைஞ்சா போதும், பட்டினி மட்டும் போட்டுடாதீங்க என்றார்.

மெஷின் இங்கேதான் வேலைக்கு வருகிறது. 30 கிலோ நாய்க்கு அசையாமல் படுத்திருந்தாலே நாளைக்கு ஏறக்குறைய 900 கலோரி வேண்டும், எடை குறைக்கவும் அந்த அளவையே வைத்துத் தொடங்குகிறார்கள். கணக்கு போடுவது இருக்க வேண்டிய எடைக்கு, இப்போது இருக்கும் எடைக்கு அல்ல. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 90 கலோரி, தின்பண்டத்துக்குப் போக மீதி 810. நாங்கள் போடும் எடைக் குறைப்பு உணவு கிலோவுக்கு 3000 கலோரி, பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆக நாளைக்கு 270 கிராம், வேளைக்கு 135. இதைக் கப்பில் அளந்து பாருங்கள், அதே கப், அதே கை, ஒரு தடவை 130 வரும், இன்னொரு தடவை 155 வரும். வேளைக்கு 20 கிராம் கூடினாலே நாளைக்கு 120 கலோரி அதிகம், அப்புறம் எடை எங்கே குறையும்? சாதா உணவையே பாதியாகக் குறைத்துப் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: அப்படிச் செய்தால் புரதமும் சத்துகளும் சேர்ந்து குறைந்துவிடும், அதனால்தான் விலை கூட இருந்தாலும் இந்த உணவை வாங்குகிறோம்.

நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வது, சோறு போட்டால்தான் உடம்பு போடும், களி போடு, இளைத்துவிடும் என்று. ராகி நல்ல தானியம், நானும் களி சாப்பிட்டு வளர்ந்தவன்தான். ஆனால் 100 கிராம் ராகி மாவில் 320 கலோரி, பச்சரிசியில் 350 சொச்சம், வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டு உருண்டை களி போட்டால் நாய் இளைக்காது. களிதான் போடுவோம் என்கிறவர்கள் கிண்டுவதற்கு முன்பே மாவை அளந்துவிடுங்கள், வெந்த பிறகு அளந்தால் தண்ணீரையும் சேர்த்து அளப்பீர்கள், கணக்கே வராது.

வீட்டில் பெரிய சண்டை பிஸ்கட்டுக்குத்தான். "வாயில்லாத ஜீவன்டா, கண்ணையே பார்த்துட்டு நிக்குது, நான் எப்படிடா தனியா தின்றது?" என்று அம்மா கேட்டார். ஒரு மாரி பிஸ்கட்டில் 25 கலோரி, டீயோடு நாலு போட்டால் அன்றைய தின்பண்டக் கணக்கு முடிந்தது. அம்மாவைத் தடுப்பதற்குப் பதிலாக, காலையிலேயே வெள்ளரி, கேரட், வேகவைத்த பீன்ஸ் எல்லாம் நறுக்கி அளந்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். இப்போது அம்மாவே டப்பாவை மெஷினில் வைத்து "இன்னும் பத்து கிராம் இருக்குது" என்கிறார். மாம்பழ சீசனில் தோல் சீவிய துண்டு ஒன்றிரண்டு கொடுக்கலாம், கொட்டையை மட்டும் எட்டாத இடத்தில் போடுங்கள், விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். திராட்சை, வெங்காயம் இரண்டும் விஷம், ஒன்றுகூட வேண்டாம்.

லக்கியை நிறுக்க இந்த மெஷின் பத்தாது. தெரிந்தவர் மாங்காய் மண்டியில் கூடை வைக்கும் பெரிய எடை மெஷினில் ஏற்றி நிறுத்துகிறோம், முதலில் அந்தத் தகடு ஆடுவதைப் பார்த்துப் பயந்தாள், இப்போது தானே ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். கடைசியாக 33.4 காட்டியது. மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறுகிறாள், காலை இழுப்பதில்லை. விடியற்காலையில் அவதானப்பட்டி ஏரிப் பக்கம் மெதுவாக நடக்க வைக்கிறோம், தார் சூடேறுவதற்குள் திரும்பிவிடுவோம். ஓட விடுவதில்லை, மூட்டு இன்னும் தேற வேண்டும். 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்து 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை கிட்டத்தட்ட 1.8 வருடம் கூடுதலாக வாழ்ந்திருக்கின்றன. லக்கிக்கு அந்த நாட்கள் கிடைக்கட்டும் என்றுதான் இவ்வளவும்.

மெஷினில் குறைகளும் உண்டு. அகலமான தட்டை வைத்தால் எண் தெரியாது, தட்டு மறைத்துவிடும், அதனால் குறுகலான கிண்ணத்தில் அளந்து தட்டில் கொட்டுகிறேன். நடுவில் யாராவது கூப்பிட்டுப் போய் வந்தால் தானாக அணைந்துவிடும், முதலிலிருந்து அளக்க வேண்டும். பேட்டரி தீரும் நேரத்தில் எண் குதிக்கும், சந்தேகம் வந்தால் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், பாத்திரத்தைக் கழித்து 500 காட்ட வேண்டும். பாத்திர எடையைக் கழிக்கும் பட்டன் இல்லாத மாடலை வாங்கவே வாங்காதீர்கள். கடையிலேயே பேட்டரி போட்டு, ஒரு கிண்ணம் வைத்து அந்த பட்டனை அழுத்திப் பார்த்து வாங்குங்கள், நான் வாங்கிய கடையில் முகம் சுளிக்காமல் காட்டினார்கள்.